மலைத் தாலுகாக்களுக்கு நிரந்தர உளவியலாளர் வேண்டும்: கேரள சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கேரள அரசின் சுகாதார, குடும்பநலத் துறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். இந்த மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரவேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். ரேஷன் கார்டுக்கும் நிலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் தமிழில் மனு எழுதுவது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். அந்த மரியாதை மருத்துவமனையின் ஓர் அறைக்குள்ளும் வரவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். தனியார் மருத்துவமனையிலும், ஒப்பந்த அடிப்படையில் ஓர் அரசுத் திட்டத்திலும் வேலை பார்த்துவிட்டு, இப்போது மலையில் சொந்தமாகச் சிறிய கிளினிக் நடத்துகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும், தாலுகாவுக்கு ஒருவராகத் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்த மருத்துவ உளவியலாளர் அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அவருடைய வேலை நேரத்தில் பாதியாவது பேச்சுவழிச் சிகிச்சைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நிரந்தரம், தமிழ், நேரம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பயன் இல்லை. ஏன் என்று விளக்கத்தான் மீதி மடல்.

எங்கள் தொழில் என்ன என்பதில் படித்தவர்களுக்கே குழப்பம் உண்டு. 'மாத்திரை எழுதித் தர மாட்டீங்களா?' என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். நாங்கள் உளவியலில் முதுகலை முடித்து, அதற்குப் பிறகு மருத்துவமனையில் இரண்டு வருடம் முழுநேரமாக, மூத்தவர்களின் மேற்பார்வையில் எம்.பில். பயிற்சி பெற்றவர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்களே இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் செய்யலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் தகுதியைத்தான் வரையறுத்திருக்கிறது. நோயாளி என்ன நிலையில் இருக்கிறார் என்று சோதனைகள் மூலம் கணிப்பதும், பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் சிகிச்சை தருவதும் எங்கள் வேலை. மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பலரை நானே மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஆனால் மாத்திரை மட்டும் போதாதவர்கள் இருக்கிறார்கள், மாத்திரையே தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலையில் கதவு இல்லை.

மருத்துவமனை வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பு முடித்ததும் ஒரு பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். காலையில் மேசை மேல் சீட்டுகள் வந்து கிடக்கும். 'ஐ.க்யூ. பார்த்து அனுப்பவும்.' 'ரோர்ஷாக் தேவை' (மைக்கறைப் படங்களைக் காட்டி மனநிலையைக் கணிக்கும் சோதனை). 'ஞாபகசக்தி சோதனை, நாளை டிஸ்சார்ஜ்.' அந்தச் சோதனைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். பக்கவாதம் வந்த மனிதருக்கு மூளையின் எந்த வேலை போய்விட்டது, எது மிச்சம் இருக்கிறது என்று உட்கார்ந்து கண்டுபிடித்து, அவருடைய மனைவியிடம் 'இதை இப்படிச் செய்யச் சொல்லுங்கள், அவரால் முடியும்' என்று காட்டுகிறபோது கிடைக்கும் நிறைவு பெரியது. ஆனால் சோதனைக்குக் கட்டணம் உண்டு, அறிக்கை உண்டு, ஃபைலில் சேரும். பேச்சுவழிச் சிகிச்சைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், கதவு சாத்தின அறை வேண்டும், கடைசியில் ஃபைலில் சேர்வது நான்கு வரிதான். அதனால் அங்கே சிகிச்சை எப்போதும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆறு வாரம் தொடர்ந்து வரவேண்டியவருக்கு இருபது நிமிடம் கொடுத்து, 'மனசைத் தைரியமா வச்சுக்குங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ஏழு வருடப் படிப்பு தேவையில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஊனச் சான்றிதழ் வேலையே ஒரு மனிதரின் முழு நாளையும் எடுத்துக்கொள்ளக் கூடும். அதனால்தான் நேரத்தைப் பணி ஆணையிலேயே எழுத்தில் ஒதுக்கச் சொல்கிறேன்.

இனி தமிழ் ஏன் என்பது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், கடைத்தெருவில் எல்லோரும் சமாளிக்கிறார்கள், பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சோதனை எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன்.

பிள்ளைக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, ஐ.க்யூ. சோதனையோடு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறோம். எட்கர் டோல் அமெரிக்காவில் 1935-இல் உருவாக்கியது. அதை நாக்பூரில் இந்தியாவுக்கு ஏற்றவாறு மாற்றியவர் மாலின். 89 கேள்விகள். பிள்ளையைக் கேட்பதில்லை, தாயிடம் பேசித் தெரிந்துகொள்கிறோம். தானே சாப்பிடுகிறானா, பொத்தான் போடுகிறானா, அக்கம்பக்கத்துக்குத் துணையில்லாமல் போய்வருகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறைச் சாமான் வாங்குகிறானா என்று போகும். வரும் விடைகளை வைத்துச் சமூக வயதைக் கணக்கிட்டு, உண்மையான வயதால் வகுத்து, நூறால் பெருக்கினால் மதிப்பெண். 2024-இல் புதியது வரும்வரை நடைமுறையில் இருந்த 2018-ஆம் ஆண்டு ஊன மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, அந்த மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் ஊனம் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை என்றால் 25 விழுக்காடு. அரசின் முக்கியமான சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். ஆக, பத்து வயதுப் பிள்ளையின் சமூக வயதில் ஆறு மாதம் கூடினாலோ குறைந்தாலோ அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடக் கூடும்.

ஒரு தாய் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். குடும்பம் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். பையன் படிப்பில் பின்தங்குகிறான் என்று பள்ளி அனுப்பிவைத்திருந்தது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே சோதனை செய்து, 'லேசான குறைபாடு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் அக்கம்பக்கம் தனியாகப் போவது, பள்ளிக்குத் தனியாகப் போவது, கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் 'இல்லை'. நான் தமிழில் மறுபடி கேட்டேன். 'ஏன்க்கா, தனியா விடுறதில்லையா?' அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'யானை நிக்கிற எடத்துல பிள்ளைய எப்படிங்கம்மா தனியா விடுறது? போன மாசம்கூட லயத்துக்குப் பின்னால வந்து வாழையெல்லாம் முறிச்சுப் போட்டுட்டுப் போச்சு.' (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.) கடை? 'கடை எங்க இருக்கு? டிவிசனைத் தாண்டி நாலு கிலோமீட்டரு.' அப்புறம் அவரே சொன்னார், திருவிழாவுக்குப் போடிக்குப் போனால் மாமா கொடுக்கும் பணத்தை வைத்துத் தானே பேரம் பேசி வாங்குவானாம், மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பானாம்.

அந்த அளவுகோலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வாய்ப்பு இல்லாததால் செய்யவில்லை, வாய்ப்பு கிடைத்தால் செய்வான் என்றால் அதற்கும் மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அது தெரியவர, 'இல்லை' என்ற விடைக்குப் பிறகு இரண்டு நிமிடம் பேச வேண்டும். அரைகுறையாகப் புரியும் மொழியில் ஒரு தோட்டத் தொழிலாளப் பெண், வெள்ளைக் கோட்டு போட்டவர் முன்னால், 'ஆமா', 'இல்லை' தவிர வேறு பேசமாட்டார். பேச்சு வளரவே வளராது. அந்தப் பையனுக்கு அறிவுக் குறைபாடு இல்லை, எழுத்துக்கூட்டி வாசிப்பதில் மட்டும் சிரமம். தேவைப்பட்டது வேறு வகைப் பயிற்சி.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. உண்மையிலேயே குறைபாடு உள்ள பெண் பிள்ளையின் தாய், 'எல்லாம் செய்வா' என்கிறார். தான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் செய்ய வைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அவமானம் பாதி, அன்பு பாதி. கேட்பவருக்கு அந்தத் தொனி புரியவில்லை என்றால் 70-க்கு மேல் மதிப்பெண் வந்துவிடும், சலுகைக்கான சான்றிதழ் கைக்கு வராது.

சோதனையிலேயே இப்படி என்றால் சிகிச்சையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். யார் அந்த ஆள்? நடைமுறையில் கூட வந்த கணவர், இல்லாவிட்டால் மாமியார், இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். தூக்கம் வரவில்லை, சாகலாம்போல இருக்கிறது என்று ஒரு பெண் வருகிறாள் என்றால், அவள் சொல்ல வந்ததே குடித்துவிட்டு அடிக்கும் அந்தக் கணவரைப் பற்றியதாக இருக்கும். அவரையே நடுவில் உட்காரவைத்து அவளிடம் என்ன கேட்பது? பெற்ற மகள் வழியாக ஒரு தாய் எதைச் சொல்வாள்? 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 22-ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் முதல் உரிமை போகிறது, வைக்காவிட்டால் இரண்டாவது போகிறது.

மலையாளியான சக உளவியலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் சிரமப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டு இந்த மலையில் உழைக்கிறார்கள். எனக்குச் சிகிச்சை கற்றுக்கொடுத்தவரும் மலையாளிதான். பிறந்த ஊரையும் சாதியையும் பார்த்து ஆளைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த இருக்கையில் உட்காருபவருக்கு, ஒரு கொழுந்து பறிக்கும் பெண் அழுதுகொண்டே பேசினாலும் பிடிபடுகிற அளவுக்குத் தமிழ் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நிரந்தரம் ஏன் என்பதற்கு இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன், இதிலும் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கம்பம் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அக்கா. விடியற்காலையில் ஒரு ஜீப்பில் எத்தனை பெண்கள் நெருக்கியடித்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வளைவில் ஏறும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் மரத்துப்போய், செத்துவிடுவோம் என்று அலறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரி. 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பினார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஏன் மறுபடி மறுபடி வருகிறது? கோயிலுக்குப் போனார், மந்திரித்துக் கயிறு கட்டினார், கடைசியில் ஜீப்பில் ஏறுவதையே நிறுத்தினார். கூலி நின்றது.

இது பேனிக் அட்டாக். பேச்சுவழிச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் பிரச்சினைகளில் ஒன்று. முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று புரியவைத்தேன். பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், அந்த அடிப்பைப் பார்த்துப் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் வேகமாக அடிக்கும். அடுத்த வாரம், கிளினிக் படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னேன். நெஞ்சு படபடத்தது. ஓடாமல், உட்காராமல், அந்தப் படபடப்போடு அப்படியே நின்றோம். தானாக அடங்கியது. அது தானாக அடங்கும் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு, நின்றுகொண்டிருக்கும் ஜீப்பில் உட்கார்ந்தார். பிறகு தங்கச்சியோடு முதல் வளைவு வரை. பிறகு பாதி மலை. நடுவில் ஒரு வாரம் திரும்பவும் மோசமானது, அழுதார், இனி வரமாட்டேன் என்றார். அந்த வாரம்தான் முக்கியமான வாரம். அப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் நாளிலிருந்து அவரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் இந்த நாட்டில் 1996-இல் தொடங்கியது. அதன் குழு மலையேறி வந்து முகாம் நடத்துவதை நான் மதிக்கிறேன். நாள்பட்ட மனநோய் உள்ளவர்களுக்கு மாத்திரை நிற்காமல் கிடைப்பது அதனால்தான். குடும்ப சுகாதார மையங்களில் நடக்கும் ஆச்வாசம் மனச்சோர்வு கிளினிக்குகளும் நல்ல முயற்சி. நர்ஸும் ஆஷா பணியாளரும் கேள்வித்தாளை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த ஆளை எங்கே அனுப்புவது? அங்கேதான் சங்கிலி அறுந்துபோகிறது. மாதம் ஒரு முகாமில் மேலே சொன்ன அக்காவைக் குணப்படுத்த முடியாது. நான் ஒப்பந்த வேலையில் இருந்தபோது வருடா வருடம் புதுப்பிப்புக்குக் காத்திருப்போம். ஒருவர் போய் இன்னொருவர் வருவார். நோயாளி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சின்ன வயதில் தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு பெண் ஒருமுறை வாயைத் திறந்து சொல்வதே பெரிய காரியம். அதை மூன்றாவது ஆளிடம் மூன்றாவது முறை சொல்லச் சொன்னால் அவள் வரமாட்டாள். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

தனியார் கிளினிக்குகள் இருக்கின்றனவே, நீங்களே ஒன்று நடத்துகிறீர்களே என்று கேட்கலாம். அதையும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சொந்தக் கிளினிக்கில் எனக்குச் சுதந்திரம் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறது. ஆனால் வாடகை, கரண்ட், சோதனைக் கருவிகளின் விலை எல்லாம் கட்டணத்தில்தான் வந்தாக வேண்டும். தோட்டத்துப் பெண் என்னிடம் வருவதென்றால் அன்றைய கூலி போகிறது, ஜீப்புக் காசு போகிறது, அதற்கு மேல் என் கட்டணம். எவ்வளவு குறைத்தாலும் வாரா வாரம் அவளால் தாங்க முடியாது. இரண்டு முறை வந்து, கொஞ்சம் தேறியதும் நின்றுவிடுகிறார்கள். நான் போன் செய்தால், 'நல்லா இருக்கேன் டாக்டரம்மா' என்கிறார்கள். அது உண்மையாக இருந்தால் சந்தோஷம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இது சின்ன ஊர். என் கிளினிக் மாடியில் இருக்கிறது, கீழே பல் டாக்டர். பல் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு மேலே ஏறி வருகிற பெண்களை எனக்குத் தெரியும். பார்த்துவிடுவார்களோ என்று பயந்து மலையிறங்கித் தேனிக்கே போகிறவர்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் நிற்கிற அதே வரிசையில் நின்று, அதே ஓ.பி. சீட்டோடு ஓர் அறைக்குள் போவதில் இந்தக் கூச்சம் பாதியாகக் குறையும். ஏழைக்கு மட்டும் இல்லை, மானத்துக்கு அஞ்சுகிற எல்லோருக்கும் அரசு மருத்துவமனைதான் நல்ல மறைவு. அது இல்லாத இடத்தில், எந்தப் பதிவும் இல்லாமல் சில நாள் பயிற்சிச் சான்றிதழோடு கவுன்சலிங் போர்டு மாட்டியவர்களிடம் மக்கள் பணத்தையும் நம்பிக்கையையும் தொலைக்கிறார்கள்.

பெட்டிமுடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைப் பக்கம் மண் சரிந்து தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ் பேசும் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். பேரிடர் நடந்த வாரத்தில் எல்லோரும் வருவார்கள், வரத்தான் வேண்டும். ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த பிறகுதான் உறுதியாகச் சொல்லவே முடியும். சிலருக்கு அது ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்துத் தலைதூக்கும். அடுத்த தென்மேற்குப் பருவமழை கூரைத் தகரத்தில் விழும்போது, மண்வாடை அடிக்கும்போது, உடம்பு அந்த இரவுக்கே போய்விடும். ஒவ்வொரு ஜூனிலும் இரவு முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அடுத்த மண்சரிவுக்கு இவ்வளவு மண் அகற்றும் இயந்திரங்கள் வேண்டும் என்று இன்றே கணக்குப் போடுகிறோம். பிழைத்தவர்களோடு அடுத்த மூன்று வருடம் உட்கார ஓர் ஆளையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

கேரளத்தின் நிலைமை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலை விகிதம் நாட்டுக்கு லட்சத்துக்கு 12.4, கேரளத்துக்கு 28.5. மலைக்குக் கீழே இருக்கும் தமிழ்நாட்டுக்கு 25.9. எல்லைக்கு இரண்டு பக்கமும் உறவு வைத்து வாழும் எங்கள் மக்கள் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் இருக்கிறார்கள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்த்தே எடுக்கப்பட்டது. நாட்டளவில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அது கண்டது. 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவி எண்ணை என் கிளினிக் சுவரிலும் ஒட்டிவைத்திருக்கிறேன். நடுராத்திரியில் ஒரு குரல் கிடைப்பது பெரிய விஷயம். அந்தக் குரல் 'நாளைக்கு இன்னாரைப் போய்ப் பாருங்கள்' என்று சொல்ல, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவர் என்ற நிபந்தனை உங்களுக்குப் புதிதல்ல. 'தமிழும் மலையாளமும் அறிந்த' எழுத்தர் என்று கேரளப் பணியாளர் தேர்வாணையம் இந்த மாவட்டங்களுக்குத் தனியாகத் தேர்வு நடத்துகிறது. ஃபைல் எழுதுபவருக்கு மொழி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரசு, மனநோய்க்குச் சிகிச்சை தருபவருக்கும் வேண்டும் என்று ஒப்புக்கொள்வதில் தடை இருக்காது என நம்புகிறேன். சட்டமும் துணைக்கு இருக்கிறது. மனநலச் சேவை தரமாகவும், போதிய அளவிலும், போய்ச் சேரக்கூடிய தூரத்திலும், பாகுபாடின்றியும் கிடைப்பது உரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநல ஊழியர்களைப் பத்து ஆண்டுக்குள் உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, கெடு 2028 மே மாதம்.

இந்த வேலைக்கு ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எம்.பில். படிப்பை யு.ஜி.சி. 2022 விதிகளில் நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. அதற்குப் பதில் புதிய படிப்புகள் வருகின்றன. 2025-இல் தொலைதூரக் கல்வி வழியாக உளவியல் படிப்பதும் நிறுத்தப்பட்டது. நோயாளியைத் தொடும் தொழிலை அஞ்சலில் படிக்கக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் லயத்தில் வளரும் பெண்ணுக்கு, அம்மா கொழுந்து பறிக்கும் கூலியில், மலையிறங்கி விடுதியில் தங்கி ஏழு வருடம் படிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கோழிக்கோடு இம்ஹான்ஸ் போன்ற உங்கள் மனநல நிறுவனங்களில் வருடத்துக்கு இரண்டு இடங்களாவது இந்த நான்கு தாலுகா மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஒதுக்குங்கள். படித்து முடித்ததும் ஐந்து வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் போடுங்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். முடித்த பிறகு நிரந்தர வேலை உண்டு என்று தெரிந்தால் போதும். இன்று இந்தப் படிப்பை முடிக்கும் எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவது மலையைப் பிடிக்காமல் அல்ல, மலையில் வேலை இல்லாமல்.

அந்தப் பணியிடங்கள் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஊன மதிப்பீட்டு முகாம் நடக்கும் நாட்களில் தமிழ்க் குடும்பங்களை ஒரே நாளில் வரவழைத்து, தமிழ் தெரிந்த பதிவுபெற்ற உளவியலாளர் ஒருவரை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். சம்மதப் படிவத்தையும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித் தாள்களையும் தமிழில் அச்சடிக்கலாம். வைன்லேண்ட் கேள்விகளைத் தோட்டத்துப் பேச்சுத் தமிழில் கேட்பதற்கான ஒரு குறிப்பேட்டை நான் என் வேலைக்காக எழுதிவைத்திருக்கிறேன். யானை, கடை தூரம், குழந்தைகள் காப்பகம், தண்ணீர் பிடிக்கும் முறை என்று இங்கத்திய வாழ்க்கைக்கு ஏற்ற துணைக் கேள்விகளும் அதில் உண்டு. உங்கள் குழுவினர் சரிபார்த்துப் பயன்படுத்திக்கொள்ள அதைக் காசு வாங்காமல் தருகிறேன். வாரத்தில் ஒரு பிற்பகல் எந்தத் தாலுகா மருத்துவமனையில் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான பணியிடப் பட்டியல் தயாராகும்போது தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் ஆகிய நான்கு பெயர்களையும் அதில் சேர்த்து, சேர்த்த விவரத்தை மக்களுக்குத் தெரியும்படி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடுக்கி மலைப்பகுதியில் பணிபுரியும் ஒரு மருத்துவ உளவியலாளர்